பாலிஷ் போடக் கொடுக்கும் முன் டேப் ஒட்டுவார்களா என்று கேளுங்கள்

காருக்கு மெஷின் பாலிஷ் போடுவது பற்றி யாரிடம் கேட்டாலும் எந்த காம்பவுண்ட் (பெயிண்டைத் தேய்க்கும் பசை) நல்லது, எந்த பேட் (மெஷினில் சுழலும் மெத்தை) நல்லது என்றுதான் பேச்சு போகிறது. பாலிஷ் படக்கூடாத இடங்களை எப்படிக் காப்பாற்றுவது என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை, பாலிஷுக்குக் கொடுத்த கூலியைவிடப் பெரியது. ஒரு குளிர்காலம் முழுக்க என் சனிக்கிழமைகள் அதில் போயின. இதைப் படிக்கிற ஒருவருக்காவது அந்தத் தொல்லை இல்லாமல் போகட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

வண்டி டொயோட்டா கொரோலா கிராஸ். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலேயே, ப்ரொஸ்பெக்டன் தொழிற்சாலையில் 2021 முதல் தயாராவது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தெருவுக்கு ஒன்று நிற்கும். என்னுடையது கரும்சாம்பல் நிறம். இந்த வண்டியை வாங்கும்போது எனக்குப் பிடித்ததே நான்கு சக்கர வளைவுகளையும் கதவுகளின் அடிப்பகுதியையும் சுற்றி ஓடும் கருப்பு பிளாஸ்டிக்தான். பெயிண்ட் அடிக்காத, சொரசொரப்பான பிளாஸ்டிக். கல் பட்டாலும் கவலை இல்லை என்று நினைத்தேன். பாலிஷ் மெஷின் பட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

எனக்கு வேலை டர்பனுக்கு வடக்கே, டோங்காட் பக்கம். அந்த வடக்குக் கடற்கரைப் பகுதியில் கரும்பு வெட்டுக் காலம் வந்துவிட்டால், வெட்டுவதற்கு முன் தோகையைக் கொளுத்துவார்கள். காற்று நம் பக்கம் திரும்பினால் கருஞ்சாம்பல் சுருள் சுருளாக வந்து வண்டி மேல் விழும். வாகன நிறுத்தத்தில் இருக்கும் காவலாளி நல்ல மனுஷன். பத்து ராண்ட் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், சாயங்காலம் நான் வருவதற்குள் உலர்ந்த துணியால் சாம்பலைத் துடைத்து வைத்திருப்பார். சாம்பலோடு மண்ணும் இருக்கும், வண்டி நிற்பது கடலோரமானதால் உப்பும் இருக்கும். உலர்ந்த துணியில் அதைத் தேய்த்தால் என்ன ஆகும்? வெயிலில் பானெட்டைப் பார்த்தால் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். (சாம்பல் விழுந்தால் தண்ணீர் பீய்ச்சி விடுங்கள், அல்லது அப்படியே விட்டுவிடுங்கள். தொடாதீர்கள்.) 2023 ஜூன் மாதம், வேலைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு கடையில் 1,800 ராண்டுக்கு மெஷின் பாலிஷ் பேசினேன். காலையில் விட்டால் மாலையில் தருவதாகச் சொன்னார்கள்.

மாலையில் எடுக்கும்போது இருட்டிவிட்டது. கடையின் விளக்கில் வண்டி மின்னியது. சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை வெயிலில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. பெயிண்ட் முடிந்து கருப்பு பிளாஸ்டிக் தொடங்கும் இடமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பட்டை. கதவுகளின் இடைவெளிகளுக்குள் வெள்ளைப் பசை காய்ந்து கிடந்தது. பின்னால் இருந்த எழுத்துகளின் உட்புறம், பெட்ரோல் மூடியின் இடுக்கு, கண்ணாடிக்குக் கீழே ஓடும் ரப்பர், வைப்பருக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் என்று எங்கு பார்த்தாலும் தெறிப்பு. கண்ணாடி கழுவும் தண்ணீர் ஒரு பக்கம் வரவே இல்லை, அதன் துளையிலும் காம்பவுண்ட். எல்லாவற்றையும்விட மோசம், முன் ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு) ஹெட்லைட்டைத் தொடும் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மங்கல். அது அழுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன்.

கடைக்குப் போன் செய்தேன். "கழுவினால் போய்விடும்" என்றார்கள். கழுவினேன். இடுக்குகளுக்குள் இருந்தது தண்ணீரில் கரைந்து, பளபளப்பான கதவின் மேல் பால் கோடுகளாக வழிந்து காய்ந்தது. பிளாஸ்டிக் ஈரமாக இருந்தவரை கருப்பாகத் தெரிந்தது, காய்ந்ததும் மறுபடி வெள்ளை. இரண்டாம் தடவை போன் செய்தபோது, கரண்ட் போனதால் வேலை பாதியில் நின்றுவிட்டது, அவசரத்தில் முடித்தோம் என்று வேறு கதை. அந்த வருஷம் இங்கே லோட் ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) எப்படி இருந்தது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் டேப் ஒட்டியிருந்தால் காம்பவுண்ட் டேப்பின் மேல்தானே காய்ந்திருக்கும்? அதைக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பணமும் வரவில்லை.

காம்பவுண்ட் என்பது எண்ணெயும் தண்ணீரும் கலந்த குழம்பில் மிக நுண்ணிய அரைபொடி. வழவழப்பான பெயிண்டின் மேல் அது எங்கும் ஒளிய முடியாது, துணியால் துடைத்தால் வந்துவிடும். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் நிறைய. சுழலும் பேட் அந்தப் பொடியைக் குழிகளுக்குள் அழுத்தித் திணிக்கிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், பொடி மட்டும் உள்ளே உட்கார்ந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வெயிலில் ஒரு நாள் காய்ந்துவிட்டால் அப்புறம் உங்கள் பாடு.

என் பாடு இப்படிப் போனது. உதிரிபாகக் கடையில், பிளாஸ்டிக்கைக் கருப்பாக்கும் ஸ்பிரே ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். 150 ராண்ட் போல. அடித்ததும் அற்புதம், வெள்ளையே காணோம். அடுத்த மழைக்கு அப்புறம் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அந்த ஸ்பிரேயில் இருந்த சிலிக்கோன் வெள்ளையை எடுக்கவில்லை, மேலே ஒரு படலமாக மூடி மறைத்திருந்தது, அவ்வளவுதான். இப்போது பொடிக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துவிட்டதால் சுத்தம் செய்வது இன்னும் கஷ்டமானது. ஆகவே வெள்ளையை முழுக்க எடுக்கும் வரை எந்தக் கருப்பு ஸ்பிரேயும் வேண்டாம்.

கடைசியில் கைகொடுத்தது, எல்லாவற்றுக்கும் பயன்படும் கார் கிளீனர் ஒன்றும் மென்மையான பிரஷ்ஷும்தான். கிளீனர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு. நிழலில், ஒரு சாண் நீளம் மட்டும் நனைத்து, அரை நிமிடம் ஊறவிட்டு, எல்லாத் திசையிலும் பிரஷ்ஷால் தேய்த்து, கிளீனர் காய்வதற்குள் ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காயவிட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளை தெரிந்தால் மறுபடியும் அதே. ஒரு சக்கர வளைவுக்கே அரை நாள் போய்விடும். வீட்டுக்காரம்மா ஆன்ட்டி, பீனட் பட்டர் தேய்த்தால் போகும் என்றார்கள். சிரிக்காதீர்கள், ஓரளவுக்குப் போகத்தான் செய்தது. அதில் உள்ள எண்ணெய் காய்ந்த காம்பவுண்டை இளக்குகிறது. ஆனால் அதைக் கழுவி எடுப்பது தனி வேலை, எறும்பு வேறு வந்துவிட்டது. பெயிண்டை ஒட்டிய ஓரத்தில் பிடிவாதமாக நின்ற மெல்லிய கோட்டுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சிலுக்கு வைத்திருக்கும் வெள்ளை ரப்பர் நன்றாக வேலை செய்தது. கதவுகளுக்கு நடுவே உள்ள பளபளப்பான கருப்புத் தூணில் மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள், கீறிவிடும். சமையலறையில் கறை எடுக்கும் அந்த வெள்ளை மெலமின் ஸ்பாஞ்சும் அப்படித்தான். அதுவே ஒரு மெல்லிய உப்புத்தாள். சூடான காற்று ஊதும் ஹீட் கன் வைத்துக் காட்டினால் பிளாஸ்டிக் கருப்பாகும் என்று ஒருவர் சொன்னார். வெளுத்துப்போன பழைய பிளாஸ்டிக்குச் சொல்லும் வைத்தியம் அது. பொடி உள்ளே இருக்கும்போது சூடு காட்டி என்ன பயன்? கை தவறினால் பிளாஸ்டிக் உருகவும் செய்யும்.

எழுத்துகளின் உள்ளே பல் குச்சியில் துணியைச் சுற்றி எடுத்தேன். தண்ணீர்த் துளையில் மெல்லிய ஊசி. கண்ணாடியை ஒட்டி, கதவின் மேல் விளிம்பில் ஒரு பூனைமயிர் பட்டை இருக்குமே, அதை மட்டும் நனைக்காதீர்கள். நனைத்தால் பொடி குழம்பாகி உள்ளே இறங்கும், கண்ணாடியை ஏற்றி இறக்கும்போதெல்லாம் கீறும். நன்றாகக் காயவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் கிளறி, வாக்வம் கிளீனரால் இழுத்தேன்.

ஃபெண்டர் ஓரத்து மங்கல் மட்டும் எதற்கும் அசையவில்லை. பக்கத்து வீட்டு அங்கிள் பேனல் பீட்டர் (கார் தகடுகளின் நெளிவு எடுக்கும்) பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவஸ்தைப்பட்ட நாட்களில் அவர் ஜோஹன்னஸ்பர்க்கில் மகள் வீட்டில் இருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம், இடையிடையே பாட்டி வழி வந்த தமிழ். திரும்பி வந்த அன்று பார்த்தார். விரல் நுனியால் அந்த ஓரத்தை ஒரு முறை தடவினார். "தம்பி, இது அழுக்கு இல்ல. மேல்பூச்சு போச்சு. இனி பாலிஷ்ல வராது" என்றார்.

அவர் சொல்லித்தான் ஓரங்களின் விஷயம் புரிந்தது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் நிறமில்லாத ஒரு மேல்பூச்சு இருக்கும். கிளியர் கோட் என்பார்கள். தொழிற்சாலையில் அடித்தது பொதுவாக 40, 50 மைக்ரான் கனம்தான் இருக்கும். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாலிஷ் என்பது இந்தப் பூச்சைக் கொஞ்சம் தேய்த்து எடுத்துக் கீறலின் மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான். ஈரமான பெயிண்ட் கூர்மையான விளிம்பில் தங்காமல் இரண்டு பக்கமும் இழுபட்டு ஓடும். அதனால் பேனலின் (கதவு, பானெட் போன்ற ஒவ்வொரு தகட்டின்) ஓரத்திலும், கதவில் ஓடும் மடிப்புக் கோட்டின் முதுகிலும் பூச்சு இயல்பாகவே மெல்லிசு. பேட்டோ சமதளத்தில் தன் முழு அகலத்திலும் பரவி அழுத்தும், ஓரத்துக்கு வந்தால் அதே அழுத்தம் முழுவதும் ஒரு கோட்டின் மேல் விழும். சூடும் அங்கேயே சேரும். பூச்சு குறைவாக உள்ள இடத்தில்தான் தேய்மானம் அதிகம். இதில் பம்பர் இன்னும் மோசம். அது பிளாஸ்டிக், இரும்பைப் போல் சூட்டைக் கடத்தாது, சட்டென்று கொதித்துவிடும். பெயிண்ட் கனம் பார்க்கும் சாதாரணக் கருவி உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும் என்பதால் பம்பரில் அளந்து பார்க்கவும் வழியில்லை.

ஃபெண்டரை மறுபடி பெயிண்ட் அடிக்க ஒரு பட்டறையில் 3,900 ராண்ட் கேட்டார்கள். நிறம் ஒத்துவர வேண்டுமானால் கதவிலும் கொஞ்சம் இழுத்து அடிக்க வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. சில முறை கழுவியதும் பானெட்டில் பழைய வட்டக் கீறல்கள் திரும்ப எட்டிப் பார்த்தன. சில பாலிஷ்களில் எண்ணெயும் கீறலை நிரப்பும் பொருளும் இருக்கும், அவை கீறலை எடுக்காமல் தற்காலிகமாக மூடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துப் பார்த்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதாவது 1,800 ராண்டுக்கு எனக்குக் கிடைத்தது மூடி மறைத்த கீறலும் தேய்ந்த ஓரமும். இனி யாரிடமும் கொடுப்பதில்லை என்று கோபத்தில் 2,600 ராண்டுக்கு ஒரு மெஷின் வாங்கினேன். சுழன்றுகொண்டே அலைகிற டூயல் ஆக்‌ஷன் வகை. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் வேகமாக வேலை முடிக்கும், ஆனால் ஒரு இடத்தில் சூட்டைக் குவிக்கும். டூயல் ஆக்‌ஷனில் பேட் சாய்ந்து ஓரத்தில் அழுத்தினால் சுழற்சி தானாகவே குறையும். என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்கு அதுதான் பாதுகாப்பு.

டேப் விஷயத்துக்கு வருகிறேன். ஹார்ட்வேர் கடையில் சுவருக்கு விற்கும் பழுப்பு நிற மாஸ்கிங் டேப் மலிவு. அதை வண்டியில் ஒட்டாதீர்கள். சூட்டில் பசை தங்கிவிடும், பிரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழியும். கார் பெயிண்டுக்கென்றே செய்த டேப், பச்சையிலும் நீலத்திலும் வரும். விலை இரண்டு மூன்று மடங்கு. இரண்டு அகலங்களில் வாங்குங்கள், விரல் அகலம் ஒன்று, இரண்டு விரல் அகலம் ஒன்று. ஒட்டுவதற்கு முன் வண்டியைக் கழுவி, பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துக் காயவிடுங்கள். பிசுக்கு இருந்தால் டேப் பிடிக்காது. ஏற்கனவே மறு பெயிண்ட் அடித்த பேனல் என்றால் மறைவான இடத்தில் சிறு துண்டை ஒட்டிப் பிரித்துப் பாருங்கள். பெயிண்ட் சரியாகப் பிடித்திருக்காவிட்டால் டேப்போடு உரிந்து வரும்.

கருப்பு பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டும்போது, பெயிண்டைத் தொடும் விளிம்பு சரியாக இருப்பதுதான் முக்கியம். டேப்பை இழுத்துப் பிடித்து வளைத்தால் கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடும். வளைவான இடங்களில் சிறு சிறு துண்டுகளாக ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி ஒட்டி, விளிம்பை நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பேட் அகலமானது, விரல் அகல டேப்பைத் தாண்டிப் போய்விடும். ஆகவே முதல் வரிசைக்குப் பின்னால் அகலமான டேப்பில் இரண்டாவது வரிசை. பேனல் இடைவெளிகளில், இடைவெளி நடுவில் வருகிற மாதிரி நெடுக ஒரே டேப். இரண்டு பக்கத்து விளிம்பும் மூடும், பொடியும் உள்ளே போகாது. மடிப்புக் கோடுகளின் முதுகிலும் அப்படியே. எழுத்துகள், தண்ணீர்த் துளை, பார்க்கிங் சென்சார், பின்புறக் கேமரா, கதவுக் கைப்பிடியின் இடுக்கு, ஹெட்லைட்டின் ஓரம் எல்லாவற்றுக்கும் டேப். ஹெட்லைட்டின் பிளாஸ்டிக்கில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தனிப் பூச்சு உண்டு, அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் சீக்கிரம் மஞ்சளாகும். வைப்பரையும் அதன் அடியையும் பழைய டவலால் மூடி ஓரத்தை டேப்பால் கட்டினேன். டேப் வேலைக்கே அரை நாள் ஆனது. மெஷினைத் தொடுவதற்கு முன்பே முதுகு போய்விட்டது. அந்தக் கடையில் ஏன் செய்யவில்லை என்பது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

காம்பவுண்டை பேட்டில் பட்டாணி அளவில் மூன்று நான்கு பொட்டு, அதற்கு மேல் வேண்டாம். மெஷினை ஆன் செய்யும் முன் பேட்டைப் பெயிண்டில் ஒற்றிப் பரப்பி, மிகக் குறைந்த வேகத்தில் ஒரு சுற்று தேய்த்த பிறகுதான் வேகம் கூட்ட வேண்டும். தெறிப்பில் பாதி, காற்றில் மெஷினை ஆன் செய்வதால் வருவது. டேப் இருக்கிறதே என்று அதன் மேல் ஏறி நிற்கவும் கூடாது, டேப்பும் சூடேறிக் கிழியும். தூண், கைப்பிடி போன்ற குறுகலான இடத்துக்கு மூன்று அங்குல பேட். ரோட்டரி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேட் பேனலிலிருந்து ஓரத்தைத் தாண்டி வெளியே போகிற திசையில் சுழல வேண்டும், வெளியிலிருந்து ஓரத்தில் மோதுகிற திசையில் அல்ல. மின்சார வயரைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது கதவில் உரசிப் புதுக் கீறல் போடும். லோட் ஷெட்டிங் அட்டவணையையும் பார்த்துக்கொண்டேன். கரண்ட் போனாலும், போட்ட காம்பவுண்டை உடனே துடைத்துவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் டேப்பை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். மெதுவாக, டேப்பை அதன் மேலேயே மடக்கி, தாழ்ந்த கோணத்தில் இழுக்க வேண்டும். எடுத்த பிறகு ஓரங்களில் மெல்லிய மங்கல் பட்டை தெரியும். பயப்பட வேண்டாம், மெஷின் படாத இடம் அது. நுண்ணிய பாலிஷை மைக்ரோஃபைபரில் எடுத்து விரலால் இரண்டு மூன்று முறை தடவினால் போதும். ஓரத்தில் ஒரு கீறல் மிச்சமிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அப்புறம் கதவு, டிக்கி, பெட்ரோல் மூடி எல்லாவற்றையும் திறந்து உள் விளிம்பை ஈரத் துணியால் துடைத்து, இடைவெளிகளைக் காற்றடித்து ஊதிவிட வேண்டும். பக்கத்து பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றுப் பிடிக்கும் குழாயையே நான் கெஞ்சிப் பயன்படுத்தினேன்.

என் கையால் போட்டதற்குப் பிறகு முதல் மழையில் வெள்ளைக் கோடு ஒன்றும் வழியவில்லை. கடைக்காரர் செய்த பளபளப்பைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஃபெண்டருக்கு மட்டும் 3,900 ராண்ட் செலவு செய்ய மனசு வரவில்லை. மேல்பூச்சு போன இடத்தை அப்படியே விட்டால் இந்த ஊர் வெயிலில் நிறம் வெளுக்கும் என்று அங்கிள் சொன்னதால், டச்-அப் கிளியரை ஊசி முனைப் பிரஷ்ஷால் அவரே தொட்டு வைத்தார். கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். அந்த ஓரத்தில் இனி எந்த பேட்டும் படக்கூடாது என்று வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன், நான் விற்றால் வாங்குகிறவருக்கும் தெரிய வேண்டுமே.